ஏழைப் பிள்ளையைத் தேடி வந்தவர்கள்

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் மூன்று வெள்ளைக்காரர் தர்மம் செய்ய நெடுந்தீவுக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள், ஓர் ஆண். தங்கள் ஊரில் பலகாரம் விற்றும் பாட்டுக் கச்சேரி வைத்தும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று பணம் சேர்த்திருந்தார்கள். அனுப்பிவைத்தால் இடையில் யாராவது விழுங்கிவிடுவார்கள் என்று கையோடு கொண்டு வந்தார்கள். குறிகட்டுவானிலிருந்து வந்த லோஞ்சில் கடல் ஒத்துக்கொள்ளாமல் மூவரும் சத்தி எடுத்து, இறங்குதுறையில் நிற்க ஏலாமல் நின்றார்கள். அந்த நேரம் எனக்கு அவர்கள்மேல் உண்மையான இரக்கம் இருந்தது. பின்னேரத்துக்குள் அது போய்விட்டது.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் புங்குடுதீவு. ஆங்கிலம் ஏதோ வரும் என்பதால் அதிபர் மொழிபெயர்க்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, படிப்பு முடியும்வரை யாழ்ப்பாணத்தில் விடுதியில் வைத்துப் படிப்பிப்பது என்பது அவர்களின் திட்டம். எந்தப் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கமுன் விடை சொல்லிவிடுவாள். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தாய், ஊரின் பெரிய மீன் முதலாளியான சம்மாட்டியாரின் கடற்கரை வாடியில் மீன் காயவைத்துச் சீவித்தாள். அந்த வருடத்தோடு மகளின் படிப்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தாள். இந்தப் பணம் கிடைத்தால் பிள்ளை தப்பிவிடுவாள்.

வந்தவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்ததும் திகைத்துப் போனார்கள். வறுமைப்பட்ட பிள்ளைகள் என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் நின்றார்கள். முகத்தில் பவுடர், இரட்டைப் பின்னலில் ரிப்பன், பெட்டிக்குள் மடித்து வைத்த மணம் போகாத சட்டைகள். வேறு எப்படி நிற்பார்கள்? வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் பிள்ளையைக் குளிக்க வார்த்து நல்லதை உடுத்திவிடாத தாய் எங்கள் தீவுகளில் இல்லை. நான் மனதில் வைத்திருந்த பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி. தாய் முதல்நாள் சம்மாட்டியார் வீட்டில் இரவல் வாங்கியிருந்தாள். அது இரவல் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் மரியாதை.

மூவரில் மூத்த பெண் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். தங்கம் போட்டிருக்கும் பிள்ளையின் படத்தைக் காட்டி, இவள்தான் ஏழை என்று தங்கள் ஊரில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் ஒளிக்காமல் சொன்னேன், இது இரவல், எங்கள் வழக்கம் இப்படி என்று. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தாயிடமே கேட்கச் சொன்னாள்.

சங்கிலி பிள்ளையின் சொந்தமா என்று நான் கேட்டேன். தாய் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசைக் கதிரையில் சம்மாட்டியாரின் மனைவி இருந்தா. பின்னால் ஊரே நின்றது. பக்கத்தில் மகள் நிமிர்ந்து நின்றாள்.

"ஓம், பிள்ளையின்ரைதான்" என்றாள் தாய்.

எங்கள் பாஷையில் அவர்கள் பழகியிருந்த ஒரே சொல் ஓம். நான் வாய் திறக்க முதலே அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

பிறகு தாங்களே ஊரைப் பார்க்க வேண்டும் என்று வெயிலில் நடந்தார்கள். சம்மாட்டியார் வீட்டு வாசல் படலையில் வேப்பிலை செருகியிருந்தது. அவரின் கடைசி மகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து மாறிக்கொண்டிருந்தது. இன்னும் தண்ணீர் வார்க்கவில்லை. எண்ணெய் காணாத தலை, பழஞ்சட்டை, உடம்பெல்லாம் கொப்புளத் தழும்பு. நோய் வந்ததும் நகையைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய சங்கிலிதான் இரவல் போயிருந்தது. அந்தப் பிள்ளை வெள்ளைக்காரரைப் பார்க்கிற ஆசையில் படலைக்கு வந்து நின்றாள்.

மூத்த பெண் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். தொற்றும் என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. கண்ணீர் வழிந்தது அவளுக்கு. மற்றவள் படம் எடுத்தாள். நான் அந்த ஆணிடம், இந்த வீட்டுக்கு இரண்டு வள்ளமும் ஊரில் பாதி வலையும் சொந்தம், உள்ளே எட்டிப் பாருங்கள் என்றேன். அவன் அமைதியாகச் சொன்னான்: "நகையைக் காட்டினால் அது வேறொருவருடையது என்கிறீர்கள். நோயாளிப் பிள்ளையைக் காட்டினால் பணக்காரி என்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய பிள்ளை யார் என்று எங்களுக்கு விளங்குகிறது."

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் பணத்தை அதிபரிடம் சம்மாட்டியாரின் மகளுடைய பேருக்குக் கொடுத்துவிட்டு லோஞ்ச் ஏறினார்கள். அதிபர் அந்தப் பேரையே பதிவில் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடக் கூரையே சம்மாட்டியாரின் உபயம். நான் சம்மாட்டியாரின் மனைவியிடம் போனேன், அந்த உதவியை மற்றப் பிள்ளைக்கு மாற்றிவிட அதிபரிடம் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவ கோபப்படவில்லை.

"அவையாப் பாத்துத் தந்தவை, ரீச்சர். நான் கேட்டனானே?"

அந்தப் பிள்ளையின் தாயோடும் சண்டை பிடித்தேன். அவள்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். ஒரு "இல்லை" சொல்லியிருந்தால் போதுமே என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் வெறுங்கழுத்தென்று சொல்ல, தன் பிள்ளை என்ன பிச்சைக்காரியா என்று கேட்டாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதனால் இன்னும் ஆத்திரம்.

மாரி முடிய அவள் மகளை யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பராமரிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

அடுத்த வருடமும் அதே மூவரும் வந்தார்கள், இன்னும் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுக்க. இந்த முறை எங்கள் சனம் பாடம் படித்திருந்தது. தலைக்கு எண்ணெய் இல்லை, சட்டைகளில் பொத்தான் இல்லை. சிலதுகளின் கன்னத்தில் அடுப்புக் கரிகூட இருந்தது. நான் படிப்பித்த பிள்ளைகள்தான் முதல் நாள்வரை நகம் வெட்டி, தலை வாரி இழுத்து வந்தவர்கள். வந்தவர்களுக்குச் சந்தோஷம், படமாக எடுத்துத் தள்ளினார்கள். ஒரு தீவுக்குப் பிச்சை கேட்கப் பழக்க அவர்களுக்கு ஒரு வருடம் போதுமாயிருந்தது.

அந்தத் தாய் வாடியிலிருந்து வந்து மண்டப யன்னலுக்கு வெளியே நின்றாள். கையில் மீன் செதில் காய்ந்திருந்தது. நான் அவளிடம் போனேன். உள்ளே நின்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என்ர பிள்ளை அந்த வீட்டில உடுக்கிறது இதைவிடக் கிழிசல், ரீச்சர். இண்டைக்கு நிண்டிருந்தால் அவளுக்குத்தான் கிடைச்சிருக்கும், என்ன?"

உள்ளேயிருந்து என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். போனேன்.