அக்காவின் தாடை

விளக்கெண்ணெய் தடவிய கட்டைவிரல்கள் சிசுவின் கன்னத்தில் வழுக்கும் மெல்லிய ஓசை, வெந்நீர் ஆவியோடு சேர்ந்து இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் நெசவுத் தெருவில் பிறந்த குழந்தைகளை மருத்துவச்சி தன் நீட்டிய கால்களில் கிடத்தி, மூக்கை நீவி, தாடையை இருபுறமும் அழுத்திக் குளிப்பாட்டுவாள். அதற்கு "மொகம் புடிக்கறது" என்று பெயர். முகம் அமைந்தபடிதான் குணமும் அமையும் என்பதில் தெருவில் ஒருவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

என் அக்கா பொன்னம்மாள் பிறந்த சமயத்தில் மருத்துவச்சி காய்ச்சலில் கிடந்தாள். அக்காவின் தாடை அகன்று சதுரமாகவே நின்றுவிட்டது. ஏழு வருடம் கழித்துத் தங்கையாக வந்த எனக்கு நாற்பது நாளும் குறையாமல் முகம் பிடித்தார்கள். நான் "பால் மொகம்" ஆனேன், அவள் "அடங்காதவ" ஆனாள். நாய் குரைத்தால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் அவள் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வருடம், ராசிபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரத்தில், தறியில் நெடுக்காக ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் பாவின் அடியில் தவழ்ந்து விளையாடிய நான் பாதியில் எழுந்துவிட்டேன். ஒரு பிடி இழைகள் அறுந்தன. அக்கா ஓடிவந்து, அறுந்த நுனிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிந்தாள். அப்போதுதான் அத்தை வந்தாள்.

"கோவத்துல பாவையே அறுத்துப்போட்டாளே! அந்தத் தாடைக்கு வேறென்னங்க வரும்?"

பொழுது சாய்வதற்குள் செய்தி தெருவைத் தாண்டியது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாயார் அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, "கேள்விப்பட்டது சரியாத்தான் இருக்குதுங்க" என்று வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"பாவை அறுத்தது நானுங்க. அக்கா இல்லீங்க."

அந்த அம்மாள் குனிந்து என் கன்னத்தை வழித்தார். "பாருங்க, இந்தப் பால் மொகத்துக்கு அக்கா மேல எத்தன பாசம்! பழிய தம்மேல போட்டுக்குது." வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அக்கா தலை நிமிரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளைக் குமாரபாளையத்தில், மனைவியை இழந்து இரு பிள்ளைகளுடன் இருந்த ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளை அவள் ஒருநாளும் அதட்டியதில்லை என்று அவர்களே அவளுடைய சாவு வீட்டில் சொல்லி அழுதார்கள்.

இன்று எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. நர்சம்மா துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். முகம் பிடிக்கும் கை எதுவும் தெருவில் இல்லை, கஞ்சிப் பாவும் இல்லை. என் கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கண்டிப்பானவங்களோ?" என்று கேட்கிறார்கள். பாவை அறுத்தவள் நான் என்பதிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொல்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல் சிரிக்கிறார்கள்.