செடிக்கு விட்ட பூ

மலர்ந்த பூவைச் சாமிக்கு வைக்காமல் செடியிலேயே விட்டுவிடுவது தப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசல் கம்பியில் நீலச் சங்குப்பூக் கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. வேலையிடத்துத் தோழி கொடுத்த விதை. ஊற வைத்து, பழைய பெயின்ட் வாளியில் மகளோடு சேர்ந்து ஊன்றினேன். முளைக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. தண்ணீர் கூடிவிட்டதோ, வெயில் போதவில்லையோ என்று வாளியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. பூக்கும் தாவரத்தின் வாழ்க்கைச் சுழற்சி பற்றிப் பாடம். ஒவ்வொரு பிள்ளையும் விதை ஊன்றி வளர்த்து, அந்தச் செடியே தரும் புது விதையை வகுப்பில் காட்ட வேண்டும்.

கொடி ஏறியது, பூத்தது. வேலைக்குக் கிளம்புமுன் பறித்துச் சாமி மேடையில் வைப்பேன். மிச்சத்தைக் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி பலகாரத்துக்கு நிறமேற்ற வாங்கிக்கொள்வார். அப்படித் தினமும் கொடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தது, மகள் கேட்டபோதுதான் உறைத்தது.

"சாமிக்கும் ஆன்ட்டிக்கும் எல்லாத்தையும் குடுத்துட்டா, செடிக்கு என்னம்மா இருக்கு?"

பறிக்காத பூதான் காயாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கணவர் சிரித்தார்.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு லா. அவருக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

மகள் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டினாள். அதை யாரும் தொடக்கூடாது. பூ வாடியது, அவரைப் பிஞ்சு போல ஒன்று அதிலிருந்து நீண்டது. ஆனால் வகுப்பில் காட்ட வேண்டிய நாள் நெருங்கியும் காய் பச்சையாகவே இருந்தது.

"பறிச்சு வெயில்ல வெச்சா காஞ்சிடும் மா," என்றேன்.

"வேணாம். அது இன்னும் ரெடி ஆகல."

எனக்குப் பொறுக்கவில்லை. பாசாருக்குப் போனபோது ஒரு பாக்கெட் சங்குப்பூ விதை வாங்கி வந்தேன். இதைக் கொண்டுபோனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றேன். அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம செடியோட பிள்ளை இல்லையேம்மா."

அன்று வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள். எனக்கு வேலையே ஓடவில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கியிருப்பாளோ, நான் பிடிவாதமாகப் பாக்கெட்டைப் பையில் போட்டிருக்க வேண்டுமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில், "டீச்சர் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. என் செடி இன்னும் முடிக்கலன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"முடிச்சதும் கொண்டு வான்னாங்க. சாப்பாடு என்னம்மா?"

பிறகு காய் பழுப்பாகி, ஆட்டினால் கலகலவென்றது. நூலோடு வெட்டி எடுத்துப்போய் வகுப்பில் எல்லார் முன்னாலும் உடைத்துக் காட்டினாளாம். கேட்ட நண்பர்களுக்குக் கொடுத்ததுபோக, ஒரு விதையைப் பென்சில் பெட்டியின் மூலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்த வாரம் இந்தக் கதையை வேலையிடத்தில் சொன்னேன், கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னேன், லிஃப்டில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவரிடம்கூடச் சொன்னேன். என் மகள் என்று சொல்லும்போது குரல் தானாகவே உயர்ந்தது.

அந்த விதை இப்போது பக்கத்து வாளியில் இரண்டு இலை விட்டிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இப்போது பூக்கிற பூவுக்கெல்லாம் அவள் சிவப்பு நூல் கட்டுகிறாள். சாமி மேடையில் கடையில் வாங்கிய செவ்வந்திதான். நூலை அவிழ்க்க மனம் வரவில்லை. சங்குப்பூ இல்லாத சாமி மேடையைப் பார்க்கவும் முடியவில்லை.

உங்கள் வீட்டுச் செடியில் சாமிக்கு எது, விதைக்கு எது என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.