ஆறு போனபின் கூடிய குருவிகள்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற மிதப்போடுதான் அந்த வனத்துறை அலுவலகத்துக்குள் நுழைந்தேன். பதினோரு வருடத்து நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வாசற்படியில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, காலுறையில் ஒட்டியிருந்த முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அந்த நோட்டெல்லாம் நான் எழுதினதுதான். கோழி கிளறின மாதிரி இருக்கும். புரியலைன்னா கேளு தம்பி." கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பாம்புக்காது என்றால்தான் தெரியும். எனக்கு அக்கா. நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர், மரத்தில் கத்துவது என்ன பறவை என்று தலை நிமிராமலே சொன்னதைப் பார்த்து, அப்போதிருந்த ரேஞ்சர் கணக்கெடுப்புக்கு இழுத்துக்கொண்டார். கோடையில் விடிந்ததும் ஆற்றங்கரையோரம் பன்னிரண்டு இடங்களில் பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். இலை மூடிய காட்டில் கண்ணுக்கு வேலையில்லை. காதில் விழும் குரல்களைக் கோடு போட்டு எண்ண வேண்டும். முக்கியமாகச் சீட்டிக்குருவியை. கைக்குள் அடங்குகிற பழுப்புக் குருவி அது. அந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது.

கணக்கெடுப்பின் ஐந்தாம் வருடம் மேலே தடுப்பணை கட்டி, ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பி மின்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய ஆறு வெறும் வெள்ளைக் கல்லாகக் கிடந்தது. ஆனால் அதுவரை அக்காவின் நோட்டில் நாற்பதைத் தாண்டாத சீட்டிக்குருவி, அந்தக் கோடையில் எழுபத்தொன்று. 'திட்டத்துக்குப் பின் பறவைகள் பெருகியுள்ளன' என்று மின்நிலையத்தார் அறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அக்காவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

பாறையில் பாசி உரிந்து விழுவதை அவர் பார்க்காமலில்லை. பூச்சி குறைந்தது. கரையோர மரங்கள் வேளைகெட்ட வேளையில் இலை உதிர்த்தன. எண்ணிக்கையும் வருடா வருடம் இறங்கி, போன கோடையில் நாற்பத்தைந்தில் வந்து நின்றது. "அப்பவும் ஆறு ஓடினப்ப இருந்ததவிட அஞ்சு அதிகம்தானேம்மா" என்றார்கள் மின்நிலையத்தார். அவரும் காதை நம்பினார்.

இந்த வருடம் சுரங்கத்தில் விரிசல். பழுதுபார்க்கிற மூன்று நாளும் தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே விட்டார்கள். இரண்டாம் நாள் அக்கா வழக்கம்போல் எண்ணப் போனார். நாலாவது இடத்தில் ஆற்றின் இரைச்சல் காதை அடைத்தது. தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால், இருபதடி தள்ளி ஒரு கிளையில் சீட்டிக்குருவி. வாய் திறந்திருக்கிறது, தொண்டை புடைத்துப் புடைத்து அடங்குகிறது, உயிரைக் கொடுத்துப் பாடுகிறது. ஒரு சத்தமும் இவருக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஆறு ஓடிய காலத்தில் எண்ணியதெல்லாம் இந்த இரைச்சலையும் மீறிக் கேட்டவை மட்டும். ஆறு போனதும் குருவி கூடவில்லை, காதுதான் திறந்தது. விடாமல் பன்னிரண்டு இடமும் நின்று முடித்தார். அதே இரைச்சலில் அன்று நாற்பது. இன்று இருபத்திமூன்று.

பக்கத்து ஆற்றையும் திருப்ப இரண்டாவது சுரங்கம் தோண்டுவதாக இருந்தார்கள். அதற்கான விசாரணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மின்நிலையத்தார் அறிக்கையின் முதுகெலும்பே அந்த எழுபத்தொன்று. முள்ளைக்கூடப் பிடுங்காமல் ரேஞ்சர் முன்னால் போய் நின்றார்.

"உன் கணக்கை நீயே தப்புங்கிறியாம்மா?"

"பொய் எழுதல சார். கேட்டதத்தான் எழுதினேன். கேக்காதது எனக்கே தெரியாது."

"ஒரு நாள் எண்ணினத வச்சு நான் எதுவும் எழுத முடியாது. இன்னொரு தடவையாவது எண்ணிட்டு வா."

மறுநாள்தான் பழைய ஆற்றில் தண்ணீர் ஓடும் கடைசி நாள். அக்காவின் வீட்டுக்காரர் தடுப்பணையில் ஷட்டர் ஏற்றி இறக்குபவர், தற்காலிக வேலை. இரண்டாவது சுரங்கம் வந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பெரிய பாம்புக்காது! அஞ்சாறு வருஷமா ஊருக்கே காது குத்திட்டு வந்திருக்க."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? நாளைக்கு எத்தன மணிக்குத் தண்ணிய நிறுத்துறீங்க?"

"காலையில ஆறு மணிக்கு. மேல இருந்து உத்தரவு."

"எனக்கு எண்ணி முடிக்க ஒம்பதாகும்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் கழுவிவிட்டு வந்தார். "உனக்கு வேற வேலையே இல்லையா? எனக்கு ஒரு நல்லது வரும்போதுதான் உனக்கு ஞானம் வரும்."

"நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. நான் கெஞ்சல."

"கெஞ்சிட்டாலும்!" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஷட்டர இறக்கறதுக்கு முன்னாடி சங்கிலிக்கு கிரீஸ் போடணும்னு விதிப்புத்தகத்துல இருக்கு. வேலைக்குச் சேந்ததுலேர்ந்து நான் போட்டதே இல்ல. நாளைக்குப் போடுறேன். மூணு மணி நேரம் பிடிக்கும். அதுக்குமேல ஒரு நிமிஷம் கேக்காத."

மறுநாள் இருபத்தொன்று. கடைசி இடத்தை முடித்துவிட்டு அக்கா கரையிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். எழும்போது ஒரு முழங்கால் நிமிர மறுத்தது.

இரண்டு நாள் கணக்கையும் ரேஞ்சர் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். விசாரணையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. 'பெருகியுள்ளன' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, ஆற்றுச் சத்தம் எட்டாத மேட்டுக் காட்டில் ஒரு வருடம் எண்ணிவிட்டு வாருங்கள், அதுவரை இரண்டாவது சுரங்கம் நிற்கட்டும் என்றார்கள். சுரங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

எண்ணுவதும் அக்காதான். வாரத்தில் நான்கு நாள் மேட்டுக் காட்டுக்கு ஏறுகிறார், ஒரு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. இதுவரை ஏழு மாதம் முடிந்திருக்கிறது. அவர் வீட்டுக்காரர் இன்னும் தற்காலிகம்தான்.