அம்மா மாட்டிய பூவும் அப்பாவின் காரும்

2005-ஆம் வருஷம், அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீடு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள் நான். உருப்படியாகக் கற்றது கார் ஓட்டுவது மட்டும்தான். அதுவும் பாதிதான். தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி, சூடாக்கித் தருவது அப்பா. ஏறி உட்கார்ந்து ஓட்டுவது நான்.

அந்தப் பழைய காரில்தான் அம்மாவை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் இறக்கிவிட்டு, நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் போவேன். பத்து நிமிஷப் பயணம்கூட இல்லை. அதற்கே, அப்பா போனதிலிருந்து, வண்டி பெட்ரோலைப் பாயசம்போலக் குடித்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, வித்துவிடலாம் என்றார்.

"தமிழ்நாட்டுக்காரன்லாம் வெல கம்மின்னு எல்ல தாண்டி வந்து இங்க பெட்ரோல் போட்டுட்டுப் போறான். இங்கயே கெடக்குற நமக்கே கட்டுப்படியாவலன்னா இந்த வண்டி எதுக்கு புள்ள?"

எதற்கு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அம்மா முன்னால் என்னால் அழ முடியாது. அம்மாவை இறக்கிவிட்ட பிறகு கடை வரைக்கும் அந்த வண்டிக்குள் அழுதுகொண்டு போவேன். அதை வித்துவிட்டால் பஸ்ஸிலா அழுவது?

அதனால் வைத்தியம் பார்த்தேன். டயரில் காற்று கம்மி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அடித்தேன், வண்டி பந்துபோலக் குதித்தது. எவனோ பெட்ரோல் திருடுகிறான் என்றார் மாமா. டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டேன். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், கண்மை டப்பாபோல இருந்தது. துடைத்து மாட்டிவிட்டு, "டவுனுக்குள்ளயே ஓட்டுனா இன்ஜின் சூடே ஆவாதும்மா, எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். வாரம் ஒருக்கா நாகூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க" என்றார். புளிச்சாதம் கட்டிக்கொண்டு அம்மாவும் நானும் நாகூர் போனோம். போகும்போதும் வரும்போதும் பின்னால் கறுப்புப் புகை. சுற்றுலா போனதற்கும் சேர்த்துக் குடித்தது வண்டி.

மறு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான பூவத்திலிருந்து ஒருவரை மாமா கூட்டிவந்துவிட்டார், வண்டியைப் பார்க்க. இன்ஜினைப் போடச் சொன்னார்கள். போட்டேன். இருமியது, குலுங்கியது, புகைந்தது. எனக்குச் சந்தோஷம்.

அப்போது அம்மா, கண் கலங்க வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் பக்கத்தில் அப்பா படம் ஒட்டியிருந்தோம். தலையில் வைக்க முடியாமல் போன பூவை, படத்துக்குக் கீழே இருக்கும் குமிழில் தினமும் மாட்டுவாள். மெக்கானிக்கூட அந்தப் பூவைத் தொடவில்லை, சாமி காரியம் என்று. வண்டி போகப்போகிறதே என்று அம்மா பூவை எடுத்துவிட்டுக் குமிழை உள்ளே தள்ளினாள்.

இருமல் நின்றது. இன்ஜின் நிதானமாக ஓடியது.

"அம்மா, அத என்னா பண்ணுன?"

"பூ வழுக்கி வழுக்கி வுழுவுதுடி. வெளில இழுத்து வுட்டாதான் நிக்கும்."

அது சோக். காலையில் இன்ஜின் கிளம்ப இழுத்து, சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டியது. இழுத்தே வைத்தால் பெட்ரோல் கொட்டும். தினமும் காலையில் அப்பா இழுத்துத் தள்ளியது அதைத்தான். நான் பார்த்ததே இல்லை.

பூவத்துக்காரர் காதை வைத்துக் கேட்டார். "கடியாரமால்ல ஓடுது. நான் எடுத்துக்குறேங்க."

மாமா முகம் மலர்ந்தது. நான் சாவியை உருவிக்கொண்டேன். "விக்கலைங்க."

"ஏ புள்ள, மனுஷன் பஸ்ஸு ஏறி வந்துருக்காரு."

"நானே பூவத்துல கொண்டுபோயி வுட்டுர்றேன் மாமா. இன்ஜினுக்குச் சூடு வேணுமாம்ல."

வழியெல்லாம் பூவத்துக்காரர்தான் புகைந்துகொண்டு வந்தார். வண்டி புகையவில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன், வீட்டில் பெரிய படம் இருக்க, பூவை ஏன் வண்டியில் மாட்டுகிறாய் என்று. "வீட்டுல இருக்கறப்ப அவரு எனக்கு எப்ப பூ வாங்கிக் குடுத்தாரு? வண்டில போவுறப்பதான்" என்றாள்.

இப்போது பூ கண்ணாடியில் தொங்குகிறது. பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம், அந்த மூன்று மாதம் எங்கள் துக்கத்துக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போட்டிருக்கிறோம் என்று தோன்றும். சொன்னால் அம்மா சிரிப்பாள், அதற்காகவே ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.