அப்பா ஒட்டச் சொன்னவை

அப்பாவுக்கு நாகர்கோவில் பக்கம் கொட்டாரத்தில் உரக்கடை. எனக்கும் அவருக்கும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது, அவர் பழைய கார் ஒன்றை வாங்கிய பிறகுதான். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். கையில் க்ளூ கன், தலைக்குள் ஆயிரம் யோசனை. காரின் உட்புறத்தைக் குறைந்த செலவில் மாற்றி, அதை வீடியோவாகப் போடத் தொடங்கினேன். கிழிந்த ஜீன்ஸின் பைகளை வெட்டி சீட்டின் முதுகில் தைத்தேன். பழைய யோகா விரிப்பை நறுக்கிக் கதவுப் பைக்குள் போட்டதும் கடகட சத்தம் நின்றது.

"ஒனக்கு வேற சோலி இல்லியாட்டி?" என்றாள் அம்மா.

அப்பா மட்டும் ரசித்தார். பிறகு அவரே கேட்கவும் ஆரம்பித்தார்.

"மக்ளே, ஏசிக்குத் திருக்குதது மூணும் ஒண்ணு போல இருக்கு. நடுவுல உள்ளதுல சொரசொரன்னு எதாம் ஒட்டித் தருவியா?"

உப்புத்தாளை வட்டமாக வெட்டி அந்தக் குமிழில் ஒட்டினேன். அடுத்த வாரம் ஜன்னல் கண்ணாடி சுவிட்ச். அதில் அம்மாவின் கல் வைத்த பொட்டு ஒன்று ஏறியது.

"எம் பொட்டையா காருக்கு வச்சிருக்கிய? அப்பிடியே அதுக்கு ஒரு மாப்பிள்ளையும் பாத்திருங்க" என்று அம்மா சிரித்தாள்.

அப்புறம் சாவித் துளையைச் சுற்றி ரப்பர் வளையம். அப்புறம் பின்னால் வருவதைக் காட்டும் உள்கண்ணாடி மேல் மாட்டும் நீளக் கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் "கொள்ளாம், கேட்டியா" என்று மெச்சுவார். நான் தரையில் நிற்கவில்லை. என் பைத்தியம் அப்பாவுக்கும் பிடித்துவிட்டது என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த உப்புத்தாள் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. வீடியோவில் எடுப்பாக இல்லை. அதை உரித்துவிட்டு மூன்று குமிழிலும் ஒரே மாதிரி கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் பெருமழை. கண்ணாடி முழுக்க உள்ளே ஆவி படிந்தது. அப்பாவின் இடது கை குமிழ்களுக்குப் போனது. ஒன்றைத் தடவியது, அடுத்ததைத் தடவியது, மறுபடி முதலாவதற்கு வந்தது. கண் சாலையை விட்டு இறங்கவே இல்லை. எதையோ திருப்பினார். சூடான காற்று அடித்தது. எதிரே பஸ்ஸின் ஹாரன் அலறியது. வண்டியை ஓரமாக ஒடித்து நிறுத்தினார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"அதை எதுக்குட்டி எடுத்த?"

"பாக்க நல்லா இல்லப்பா. கொஞ்சம் குனிஞ்சு பாத்தா தெரியுமே?"

"ரோட்டப் பாத்தா கீழ உள்ளது ஒண்ணும் தெரியல்ல மக்ளே. பக்கத்துல நீ இருக்கதுகூடத் தெரியல்ல. கொஞ்ச நாளாச்சி."

"பேப்பர் வாசிக்கியளே?"

"நேரே பிடிச்சா தெரியும்." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தபடி சொன்னார்: "சொன்னா நீயும் அம்மையும் சாவிய வாங்கிருவிய. பெறவு கடைக்கு எப்பிடிப் போவேன்?"

எனக்கு லைசென்ஸ் இருந்தது. இடம் மாறி உட்கார்ந்து, கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது. "ஏழெட்டு மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கலாமே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

உப்புத்தாள் வீடியோ போட்டு எட்டு மாதம். மருந்துக்குக் காத்திருக்கும்போது அதை எடுத்துப் பார்த்தேன். அதில் அப்பா, பக்கத்து சீட்டில் இருக்கும் என்னைப் பார்க்க உடம்போடு திரும்புகிறார். வேடிக்கையாக இருக்கிறது என்று அந்த இடத்தை இரண்டு தடவை ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தமும் சேர்த்திருந்தேன்.

திரும்பும்போது அப்பா நான் சொல்லாமலேயே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பெல்ட்டை இழுத்து, செருகும் இடத்தைத் தேடினார். கை சீட்டின் ஓரத்தில் போய் வந்தது. நான் கையை நீட்டினேன்.

"விடுட்டி, நானே போடுதேன்."

அந்தப் பக்கத்தில் அவருக்காக நான் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் பூட்டிக்கொள்ளும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.