கடைசியில் நின்றவர்

ஒரகடத்தில் அந்த பேக்கிங் கம்பெனி வாசலில், ஒப்பந்த ஆட்களான நாங்கள் தினமும் காலையில் வரிசையில் நிற்போம். ஒரு லைனுக்கு எட்டுப் பேர். சூப்பர்வைசர் எட்டு எட்டாக எண்ணி உள்ளே அனுப்புவார். மீந்தவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எங்களில் ஒருவர் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். எல்லாத் தலைகளையும் எண்ண அதுதான் வசதியாம். தென்காசிப் பக்கத்துக்காரர், ஒல்லியான உடம்பு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. செல்போனில் பைத்தான் என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருந்தார். எண்ணியதை அதில் தட்டிப் பார்ப்பார்.

"தெனமும் இன்னாபா பாக்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆள் கணக்குக்கும் எட்டுக்கும் நடுவுல ரெண்டு சாய்கோடு போட்டா, வகுத்து எத்தனை லைன் ஓடும்னு சொல்லும் அண்ணாச்சி. அதே எடத்துல சதவீதக் குறி போட்டா மிச்சம் எத்தனை பேர்னு சொல்லும்."

அன்று இருபது பேர். மிச்சம் நான்கு. அதில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

பிறகு ஏழு என்று தட்டிக் காட்டினார். லைன் பூஜ்யம், மிச்சம் ஏழு.

"மிச்சம்னா கடைசில நிக்கவன்னு நெனைக்கோம். ஆள் கொறைஞ்சா மொத ஆளும் மிச்சந்தான்."

உள்ளே புது இயந்திரங்கள் வந்து இறங்கின. எங்கள் வரிசை நாளாக நாளாகத் தேய்ந்தது. ஒருநாள் முதல் ஆளாக நின்ற நான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு சேர்த்து ஏழு பேர். அவர் இல்லை. சூப்பர்வைசர் எண்ணினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வந்திருந்தால் எட்டாவது ஆள் அவர்தான்; ஒரு லைன் ஓடியிருக்கும். அன்று எங்கிருந்தாவது எங்களை எண்ணிக்கொண்டிருந்தாரோ?