மஞ்சள் பொடி டின்னோடு வந்த காகிதம்

என் அண்ணன் கள் குடித்துச் செத்தார் என்றுதான் நல்லேப்பிள்ளியில் இன்றும் சொல்கிறார்கள். ஊரை அப்படி நம்ப வைத்தவர்களில் நானும் ஒருவன்.

கள்ளுக்கடை மறியல் ஊர் ஊராக நடந்த வருஷங்கள் அவை. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போகும் வழியில் வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு சாயப்பட்டறை இருந்தது. அண்ணனும் நானும் அங்கேதான் வேலை பார்த்தோம். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர். அவர் உழைத்ததால்தான் நான் நாலாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தேன். அந்தப் படிப்பினால் எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. அவருக்குச் சாயத் தொட்டி.

முன்பெல்லாம் நூலில் நல்ல சிவப்பு ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கப்பலில் வந்த புதுப் பொடி அதை ஒரு காலைப்பொழுது வேலையாக்கிவிட்டது. பார்க்கச் சமையலறை மஞ்சள்தூள் மாதிரியே இருக்கும். வெயில் ஏறுமுன் அதைச் சலித்து, திராவகம் கலந்த தண்ணீரில் கரைத்து, ஏற்கெனவே மருந்தில் நனைத்து உலர்த்திய நூலை முக்கினால், மஞ்சள் தண்ணீருக்குள் போன நூல் ரத்தச் சிவப்பாக மேலே வரும். முதல் நாள் பட்டறையே வேலையை விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்தது. டின்னை உடைப்பது, பொடியைச் சலிப்பது, கரைப்பது எல்லாம் அண்ணனின் பொறுப்பு. கை சுத்தம் என்று முதலாளி அவரைத்தான் நம்பினார்.

டின்னுக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, படிக்கச் சொன்னார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பொடியைச் சுவாசிக்கக் கூடாது. வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை வழியாகவும் தோலுக்குள் இறங்கும். அந்த இடத்தில் சோறு தண்ணீர் கூடாது. வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்ற வேண்டும். உதடு நீலம் பாரித்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தியரை அழைக்க வேண்டும். இந்த வேலை செய்பவர்கள் அன்றைக்கு மது தொடவே கூடாது.

கடைசி வரிக்கு முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்த ஊர்லயா? நல்லா எழுதுனான் போ."

"வேலை செய்யறவங்ககிட்டச் சொல்லிப் போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "சொன்னா நாளைக்கு ஒருத்தன் உள்ள வரமாட்டான். நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா? அதை அப்பிடியே மடிச்சு வெய்யி."

மடித்து வைத்தேன்.

அண்ணனிடம் பாதி சொன்னேன். "அண்ணா, மூக்குல துண்டக் கட்டிக்குங்க. அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாதாமா" என்றேன். இரண்டு நாள் கட்டிக்கொண்டார். பிறகு, புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று அவிழ்த்துப் போட்டார். மற்றப் பாதியை நான் சொல்லவில்லை. வேலை முடிந்து அண்ணன் தென்னந்தோப்புக் கடைக்குப் போய் ஒரு மொந்தை குடிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிராம்பு மென்றுகொண்டு வருவார். நாங்களும் தெரியாததுபோல் இருப்போம். அப்பா ஸ்தானத்தில் இருக்கிற மனிதரிடம் கள்ளைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. முதலாளிக்குப் பயந்தேன். சாயத் தொட்டிப் பக்கமே போகாமல் நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

இரண்டு மாதத்தில் அண்ணனின் உள்ளங்கை, நகக்கண் எல்லாம் மஞ்சளாகிவிட்டன. தலையணை உறையில்கூட மஞ்சள் கறை. மத்தியானமானால் தலைவலி என்று கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் சோறு போடும்போது அண்ணி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, நாவப்பழம் தின்னீங்களா? ஒதடெல்லாம் ஒரு மாதிரி இருக்குதுங்க."

"இந்த மாசத்துல நாவப்பழத்துக்கு எங்க போறது?" என்று அண்ணன் சிரித்தார்.

அவர் கை கழுவப் போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏனுங் தம்பி, அந்தப் பொடியில ஏதாச்சும் இருக்குதுங்களா? நீங்கதான் படிச்சவிக."

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. வெய்யிலுக்குத்தானுங்க" என்றேன். அப்போது என் வாயில் அவர் போட்ட சோறு இருந்தது.

பங்குனியில், தேர்த் திருவிழாவுக்கு முன்பு, சிவப்பு நூலுக்கு நெருக்கடி வந்தது. அன்று வழக்கமான ஒரு டின்னுக்குப் பதிலாக மூன்று டின் உடைத்தார்கள். கொட்டகைக்குள் பொடி மூட்டம்போல் நின்றது. அண்ணன் வியர்வையில் மஞ்சளாக நனைந்து வெளியே வந்தார். தலை பிளக்கிறது என்றார். குளிக்காமல், அதே வேட்டியோடு, சாயங்காலத்துக்குக் காத்திருக்காமல் கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, கடையிலிருந்து ஆள் ஓடிவந்தான். நான் போனபோது அண்ணன் ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடும் காது மடலும் நகங்களும் ஊதா நிறமாக இருந்தன. ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கியது. "மாத்துக் கள்ளுடா, எதையோ கலந்து போட்டான், அதான்" என்று சுற்றி நின்றவர்கள் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் காகிதத்தின் வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

முதலாளியின் வில்வண்டியில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதலாளியும் கூட வந்தார். டாக்டர் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது சிவப்பாக இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாக இருந்தது. அவர் அப்படி ஒரு ரத்தத்தை அதற்கு முன் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இயாள்க்கு எந்தா பணி? என்ன ஜோலி செய்யறான்?"

"நம்ம பட்டறைல கூலி வேலைங்க. கள்ளு ஜாஸ்திங்க டாக்டர், சொன்னாக் கேக்கறதில்ல" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அதானோ?"

நான் தலையாட்டினேன்.

பொழுது சாயும்போது அண்ணன் போய்விட்டார். நான் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று வெகுநாள் கழித்துப் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

அண்ணி பட்டது தனிக் கதை. கட்டினவனைக் கட்டுப்படுத்தத் தெரியாதவள் என்று எங்கள் சொந்தக்காரர்களே இழவு வீட்டில் பேசினார்கள். மறியல்காரர்கள் கள்ளுக்கடை முன் நின்று, போன வாரம் இதே கடையில் குடித்துச் செத்தவனைப் பாருங்கள் என்று சத்தம் போட்டுச் சொன்னார்கள். அண்ணி கருமாதி முடிந்ததும் ஆனைகட்டிப் பக்கமிருந்த பிறந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

நான் பட்டறையில்தான் இருந்தேன். அண்ணன் இடத்துக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் வந்தார், நடுத்தர வயது. முதல் நாள் அவர் சல்லடையைக் கையில் எடுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தில் இருந்ததை முழுதும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். சல்லடையைக் கீழே வைத்தார். "நல்லதுங்க" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். அவ்வளவுதான் வேலை. ஒரு மனிதரைக் காப்பாற்ற அத்தனை நேரம்தான் ஆயிற்று. முதலாளி அன்றைக்கே என்னை வெளியேற்றினார்.

அதற்குப் பிறகும் அண்ணியிடம் போக எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அவர் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்ப அவரு குடிச்சுச் சாகலீங்களா?"

"இல்லீங்க அண்ணி."

"அன்னைக்கு நான் உங்ககிட்டக் கேட்டனே."

"கேட்டீங்க."

"நாலு வருசமா அவரைத் திட்டாத நாளில்லீங்க. இத்தனை நாளும் உட்டுப்போட்டு இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? உங்க மனசு ஆறோணும்னுங்களா?"

அவர் உள்ளே போய்த் தன் அப்பாவையும் இரண்டு அண்ணன்மாரையும் கூட்டிவந்தார். "எனக்குச் சொன்னத இவிகளுக்கும் சொல்லுங்க, ஒண்ணு விடாம" என்றார். சொன்னேன். வெயிலில் நின்று, டாக்டருக்குத் தலையாட்டியது வரை சொன்னேன். அவர்களில் யாரும் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவுமில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அண்ணி முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். நான் சாலைக்கு நடந்தேன்.

பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் எனக்குச் சொல்லி அனுப்பியதில்லை. அண்ணி இறந்ததுகூட ஒரு மாசம் கழித்து, சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.